பூச்சிகளுக்கும் புழுக்களுக்கும் ஒரு பேராசிரியர்

பாடசாலையில் உயிரியல் படித்தோர் லமார்க் என்னும் பெயரை மறந்திருக்கமாட்டார்கள். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நீண்டது எப்படி என்று தவறாக விளக்கியவர் என்றே அவர் நினைவுகூரப்படுகின்றார். ஆனால் அவருடைய வாழ்நாட் பணி வேறொன்றாகும்.

ஜோன் பப்ரிஸ்ற் லமார்க் 1744ஆம் ஆண்டு பிரான்ஸின் வடபகுதியில், வசதி குன்றிய பிரபு குடும்பமொன்றில் பதினோராவது பிள்ளையாகப் பிறந்தார். குருவாக வேண்டுமென்பது தந்தையின் விருப்பம். அதனால் அமியென் நகரில் யேசு சபையாரிடம் கல்வி கற்றார். தந்தை இறந்தபின் 1761இல் படையிற் சேர்ந்து, வீரத்தினால் அதிகாரியாக உயர்ந்தார். சுகவீனம் அவரைப் படையிலிருந்து விலக்கியது. சிறு ஓய்வூதியத்துடன் பரிஸுக்கு வந்து தாவரவியலில் ஈடுபட்டார். பிரான்ஸின் தாவரங்கள் பற்றி அவர் எழுதிய நூல் 1779இல் அவரை விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினராக்கியது. பின்னர் அரச பூங்காவில் உலர்தாவரத் தொகுதியின் காப்பாளரானார்.

புரட்சிக் காலத்தில், 1793இல், அப்பூங்கா இயற்கை வரலாற்று நூதனசாலையாக மாற்றப்பட்டது. பன்னிரண்டு பேராசிரியர் பதவிகள் வகுக்கப்பட்டன. பூச்சிகளும் புழுக்களும் என்ற பிரிவு லமார்க்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. அதுவரை தாவரங்களையே ஆராய்ந்தவர், புதிய துறையை அரிச்சுவடியிலிருந்து கற்கத் தொடங்கினார்.

நண்டும் சிலந்தியும் அந்நாளிற் பூச்சிகளோடு சேர்க்கப்பட்டிருந்தன. சிப்பி, நத்தை, மண்புழு யாவும் புழுக்கள் எனப்பட்டன. லமார்க் உள்ளுறுப்புகளை ஒப்புநோக்கி அவற்றைப் பிரித்தார். இரண்டாயிருந்த வகுப்புகள் 1809இல் பத்தாயின. முள்ளந்தண்டற்ற பிராணிகள் என்ற பெயரும் அவர் இட்டதே. உயிரியல் என்ற சொல்லை 1802இல் வழங்கிய முன்னோடிகளுள் அவரும் ஒருவர். பழைய கற்சிப்பிகளை உயிருள்ளவற்றோடு ஒப்பிட்டபோதே, உயிரினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்ற எண்ணம் அவருள் வலுப்பெற்றது. மாறும் முறைக்கு அவர் கூறிய காரணம் பின்னர் கைவிடப்பட்டது. மாற்றம் உண்டென்பது நிலைபெற்றது.

1815 முதல் 1822 வரை அவருடைய பெருநூல் ஏழு பாகங்களாக வெளிவந்தது. முடியுமுன்னரே கண்பார்வை போயிற்று. அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதி நூலை நிறைவாக்கினார்.

1829இல் லமார்க் வறுமையில் இறந்தார். குறித்த காலத்திற்கு மட்டும் பெற்ற புதைகுழியில் அடக்கப்பட்டதால் இன்று அவருக்குக் கல்லறை இல்லை. சக பேராசிரியர் குவியே எழுதிய இரங்கலுரையும் அவரைத் தாழ்த்தியது. எனினும் பிறர் அற்பமென ஒதுக்கிய உயிர்களுக்கு அவர் வகுத்த ஒழுங்கு இன்றைய வகைப்பாட்டின் அத்திவாரத்தில் இருக்கின்றது. 1909இல் அப்பூங்காவிலேயே அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. அதன் பீடத்தில் பார்வையிழந்த தந்தையருகே மகளும் நிற்கின்றாள்.