காட்சியை ஆராய்ந்த தருமானந்த கோசாம்பி

பூனா பெர்குசன் கல்லூரியில் 1912 முதல் 1918 வரை பாலி மொழி கற்பித்த தருமானந்த கோசாம்பி, 1876-ஆம் ஆண்டு கோவாவில் சாங்க்வால் என்னும் சிற்றூரில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. சிறுவர் இதழொன்றில் பகவான் புத்தரின் வரலாற்றைப் படித்தது முதல் அவருள்ளம் தம்மத்தையே நாடியது. 1899-இல் வீட்டை நீங்கிப் பூனா வந்து வடமொழி பயிலத் தொடங்கினார். பின்னர் காசியிலும் பயின்றார்.

தம்மம் உயிரோடிருக்கும் நாடு நேபாளமே என்று நம்பி 1902-இல் அங்குச் சென்றார். கானலை நீரென்றெண்ணி ஓடிய மானின் நிலையே அவருக்கு நேர்ந்தது. ஆயினும் மனந்தளராது இலங்கை சென்று, வித்யோதயப் பிரிவேணையில் சுமங்கல மகாதேரரை அடைந்து பாலி கற்றார். பின்பு சென்னையில் சிங்காரவேலரோடும் பேராசிரியர் லட்சுமி நரசுவோடும் பழகினார் என்பது தமிழ்ப் பௌத்தராகிய நமக்குப் பெருமை தரும் செய்தியாகும்.

புத்தகோசரின் விசுத்திமக்கமே அவர் உழைப்பின் பெரும்பகுதியைக் கொண்டது. ஹென்றி கிளார்க் வாரன் முடிக்காது மறைந்த பதிப்பைச் செப்பனிட, 1910 முதல் பன்முறை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்றார். அப்பதிப்பு 1950-இல்தான் வெளிவந்தது. அதைக் காண அவர் உயிரோடில்லை.

புலன் மயங்குவது எவ்வாறு என்பதை அந்நூல் எளிய உவமைகளால் விளக்குகிறது. வயலில் நிற்கும் வைக்கோற் பொம்மையை மான்குட்டி மனிதனென்று கொள்கிறது. சஞ்ஞை இவ்வாறுதான் எழுகிறதாம். மற்றோர் உவமை நாணயக் குவியல். குழந்தை அதன் நிறத்தையும் வடிவத்தையும் மட்டுமே காணும். நாட்டுப்புறத்தான் அதனாலாகும் பயனையும் அறிவான். நல்லது இது, கள்ளது இது எனப் பிரித்தறிபவன் நாணய வணிகனே. நூற்பாலையில் விரைந்து சுழலும் கதிர் அசையாது நிற்பது போலத் தோன்றுவதை நாம் ஆண்டுக்கணக்கில் கண்டிருக்கிறோம். நிற்கிறதென்று நம்பித் தொட்டவன் விரலுக்கே உண்மை தெரியும்.

கோசாம்பி அந்த வணிகனின் கண்ணோடு பகவானின் வரலாற்றையும் நோக்கினார். முதியவர், நோயாளர், பிணம், துறவி என்னும் நான்கு காட்சிகளைத் தேவர் உண்டாக்கிக் காட்டினர் என்பது பழங்கதை. இருபத்தொன்பது வயது வரை ஒருவர் முதுமையைக் காணாதிருத்தல் இயலுமா என்று அவர் வினவினார். மகாபதான சுத்தத்தில் இக்கதை விபஸ்ஸி புத்தருக்கு உரியதாகவே வருகிறது என்பதையும், தாய் தந்தையர் அழுதிருக்கவே பகவான் துறவு பூண்டார் என அரியபரியேசன சுத்தம் கூறுவதையும் எடுத்துக் காட்டினார். சாக்கியருக்கும் கோலியருக்கும் ரோகிணி ஆற்று நீர் பற்றி எழுந்த பூசலே துறவுக்குக் காரணம் என்றார். அறிஞர் அம்பேத்கரின் ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் 1957-இல் வெளிவந்த நூலும் நீர்ப்பூசலையே காரணமாகக் கொள்கிறது.

இதைச் சொற்பொழிவில் கூறும்போது முதியோர் சிலர் முகம் வாடக் காண்கிறோம். சிறுவயது முதல் கேட்ட கதையை இழப்பது எளிதன்று. மேலும், அப்பூசல் பகவான் போதி பெற்ற பின்னரே நிகழ்ந்ததாக உரைகள் கூறுவதால், கோசாம்பி காட்டிய காரணமும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. எனினும், தேவர்களின் மாயத் தோற்றத்தைக் கண்டு மயங்கியவராகப் பகவானைக் காட்டும் கதையை அவர் நீக்கியது முறையே என்பது நம் கருத்து.

1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்து சிறை சென்றார். பம்பாய்ப் பரேலில், ஆலைத் தொழிலாளர் வாழும் பகுதியில், பகுஜன விகாரத்தை நிறுவித் தங்கியிருந்தார். நோய் முற்றியபின் உணவைத் துறந்து, 1947 ஜூன் 4-ஆம் நாள் சேவாகிராமத்தில் உயிர் நீத்தார்.