மடியில் இருந்த திறவுகோல்

கிருஷ்ணபிள்ளையவர்கள் 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடஞ் சொல்லுந்தோறும், அதன் மூலநூலாசிரியர் ஜோன் பனியனின் வாழ்வையும் மாணவர்க்கு யான் எடுத்துரைப்பதுண்டு.

இங்கிலாந்திலே பெட்போர்ட் நகரையடுத்த எல்ஸ்டோவில் 1628இல் பிறந்த பனியன், தந்தையைப் போலவே ஓட்டைப் பாத்திரம் அடைத்துப் பிழைத்தவர். தமக்கு மன்னிப்பு உண்டோ என்னும் ஐயம் இளமையில் அவரைப் பல்லாண்டு வாட்டிற்று. கிறிஸ்துவின் அருளை நம்பித் தேறியபின் போதகரானார். அரச திருச்சபைக்குப் புறம்பாகக் கூடியோர்க்குப் போதித்தமையால் 1660இல் சிறைப்பட்டார். இனிப் போதியேன் என உறுதி கூறின் விடுதலை கிட்டியிருக்கும், அவர் இசைந்திலர். மனைவி எலிசபெத் நீதிபதிகள்முன் மன்றாடியும் பயன் விளையவில்லை.

வீட்டிலோ நான்கு மக்கள்; மூத்த மகள் மேரி கண்ணொளி அற்றவள். தம் உறுதி அவளைப் பட்டினியில் ஆழ்த்துமோ என்ற எண்ணமே சிறையினும் கொடிதாய் அவரை வருத்திற்று. எனினும் மனந்தளராது, சிறையிலிருந்தே நாடாக்களுக்கு முனை கட்டி விற்று இல்லத்துக்கு உதவினார். இவ்வாறு பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன.

1678இல் வெளிவந்த அவரது நூலிலே, அவநம்பிக்கை என்னும் அரக்கனின் சிறையில் வாடும் யாத்திரிகன், வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மடியிலேயே இருப்பதை நினைந்து விடுதலை பெறுகின்றான். அத்திறவுகோலைப் பனியன் கற்பனையிற் கண்டாரல்லர். நாடா முனைந்த கையினாலே தடவிக் கண்டார் என்பதே என் துணிபு. 1688இல் அவர் மறைந்தார். துன்பம் நீங்கியபின் வருவதன்று நம்பிக்கை. துன்பத்தினூடே தொழில் செய்யவைப்பதே அது.