ஒரே ஒரு ஸ்பிட்ஃபயரைப் பார்த்தவர்

1/72 ஸ்பிட்ஃபயர் கிட் ஒன்றை நீங்கள் ஒட்டியிருந்தால், இறக்கையின் மேல் பாதியையும் கீழ் பாதியையும் சேர்க்கும்போது கொஞ்சம் மூச்சைப் பிடித்திருப்பீர்கள். நுனியில் பிளாஸ்டிக் அவ்வளவு மெல்லிசு. பசை ஒரு சொட்டு அதிகமானா போச்சு, ஓரம் இளகிடும். அதைச் சரி பண்ணுகிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், அந்த அழகான வளைவே போய்விடும். நிஜத்தில் 11.23 மீட்டர் அகலம், உங்கள் மேஜையில் 15.6 சென்டிமீட்டர். அந்த விமானத்தை உருவாக்கியவர் பெயர் ரெஜினால்ட் ஜோசப் மிட்செல்.

1895 மே 20 அன்று இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷையரில் பிறந்தார். பள்ளிப் பையனாக இருக்கும்போதே மாடல் விமானம் செய்து பறக்கவிட்டவர். கடையில் கிட் வாங்கி ஒட்டுகிற காலம் இல்லை அது, டிசைனும் நாமேதான் போடணும். 16 வயதில் ஸ்டோக் நகரத்து கெர் ஸ்டூவர்ட் ரயில் இன்ஜின் கம்பெனியில் அப்ரண்டிஸ். பகலில் பட்டறை, ராத்திரி வகுப்பில் டிராயிங், மெக்கானிக்ஸ், கணக்கு. சம்பளத்தில் ஒரு லேத் வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

1917-ல் சவுத்தாம்ப்டனில் இருந்த சூப்பர்மரைன் கம்பெனியில் சேர்ந்தார். 24 வயதில் அங்கே தலைமை வடிவமைப்பாளர். உங்கள் வயதோடு ஒப்பிட்டுப் பார்க்காதீங்க, நான் பார்த்துட்டு லேப்டாப்பை மூடிவிட்டேன்.

ஷ்னைடர் கோப்பை என்று கடல் விமானங்களுக்கு ஒரு ரேஸ் இருந்தது. 1925-ல் மிட்செலின் எஸ்.4 போட்டிக்கு முன்பே பால்டிமோரில் தண்ணீரில் விழுந்தது. பிறகு 1927, 1929, 1931 என்று வரிசையாக மூன்று முறை அவருடைய விமானங்களே ஜெயிக்க, கோப்பை நிரந்தரமாக பிரிட்டனுக்கு வந்துவிட்டது. 1931-லேயே அவருடைய எஸ்.6பி மணிக்கு 400 மைலைத் தாண்டியது.

இனிமேதான் கதை. அரசாங்கம் ஒரு புது போர் விமானம் கேட்டது. மிட்செல் செய்து கொடுத்தது டைப் 224. உள்ளே மடங்காத சக்கரம், தடித்த இறக்கை, இன்ஜின் சூட்டைத் தணிக்க நீராவியை நம்பிய ஒரு சிக்கலான ஏற்பாடு. 1934 பிப்ரவரியில் பறந்தது, வேகம் மணிக்கு சுமார் 228 மைல்தான். 400 மைல் விமானம் செய்த அதே ஆள்! ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போனது.

இதற்கு நடுவில் இன்னொன்று. 1933 ஆகஸ்டில் அவருக்கு மலக்குடல் புற்றுநோய்க்குப் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. திரும்ப வரலாம் என்று டாக்டர்கள் எச்சரித்திருந்தார்கள். வேலையை விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ வேலைக்குத் திரும்பினார், 1934-ல் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். தோற்றுப்போன 224-ஐ ஒட்டுப் போட்டுக் காப்பாற்றப் பார்க்காமல், கடைசியில் புதுசாகவே வரைய ஆரம்பித்தார்.

அந்த இறக்கை அழகுக்காக வந்தது இல்லை. வேகத்துக்கு இறக்கை மெல்லிசாக இருக்கணும். ஆனால் அதற்குள்ளேயே மடங்கும் சக்கரமும் எட்டு துப்பாக்கிகளும் அடங்கணும். நீள்வட்ட வடிவில் இறக்கை நுனிக்குப் பக்கம் வரைக்கும் அகலமாகவே இருக்கும், அதனால் மெல்லிசாக இருந்தும் உள்ளே இடம் கிடைத்தது. இதன் ஏரோடைனமிக்ஸைப் போட்டவர் பெவர்லி ஷென்ஸ்டோன் என்ற கனடாக்காரர். எல்லாப் புகழையும் மிட்செல் ஒருத்தருக்கே கொடுப்பது நியாயம் இல்லை. அவர் பெரிய வேலை, சரியான ஆட்களைச் சேர்த்ததும், டிராயிங் போர்டு முன்னால் நின்று நேரம் போவதே தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்து எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ததும்.

1936 மார்ச் 5, ஈஸ்ட்லி விமான தளம். கே5054 என்ற எண் கொண்ட முதல் ஸ்பிட்ஃபயர் பறந்தது. ஜூனில் 310 விமானங்களுக்கு ஆர்டர் வந்தது. ஸ்பிட்ஃபயர் என்ற பெயர் அவருக்குப் பிடிக்கவில்லையாம், அது தனிக் கதை. அதே 1936-ல்தான் இங்கிலாந்தில் ஃப்ராக் பெங்குவின் என்ற பெயரில் 1/72 பிளாஸ்டிக் கிட்களும் விற்பனைக்கு வந்தன.

ரிவெட் விஷயத்தையும் சொல்லிடறேன். தலை வெளியே தெரியாத ரிவெட் அடிக்க நேரமும் காசும் அதிகம். எங்கெல்லாம் அது அவசியம் என்று பார்க்க, முதல் விமானத்தின் ரிவெட்கள் மேல் உடைத்த பட்டாணியை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். வேகம் மணிக்கு 22 மைல் வரை குறைந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டாணியை எடுத்துப் பார்த்து, எந்த இடத்தில் சாதா ரிவெட் போதும் என்று கண்டுபிடித்தார்கள். பழைய கிட்களில் புடைப்பாக இருக்கும் ரிவெட்களை நீங்கள் தேய்த்து எடுப்பது சரியான காரியம்தான்.

நோய் திரும்பி வந்தது. நடக்க முடியாத நாட்களில் காரில் உட்கார்ந்தபடி சோதனைப் பறப்புகளைப் பார்த்தார். 1937-ல் வியன்னாவுக்குச் சிகிச்சைக்குப் போனார், பலன் இல்லை. ஜூன் 11 அன்று சவுத்தாம்ப்டன் வீட்டில் இறந்தார். வயது 42.

தொழிற்சாலையில் ஆர்டருக்காகச் செய்த முதல் ஸ்பிட்ஃபயர் பறந்தது 1938 மே மாதம், அவர் போய் பதினோரு மாதம் கழித்து. அடுத்து வந்த மாடல்களை ஜோசப் ஸ்மித் பார்த்துக்கொண்டார். மொத்தம் 20,000-க்கும் மேல் செய்தார்கள்.

உங்கள் கிட்டில் மூன்று இலை புரொப்பல்லரும், வாலில் சின்னச் சக்கரமும், இறக்கையில் எட்டு துப்பாக்கி ஓட்டையும் இருந்தால் அது மார்க் 1 ஆக இருக்கலாம். முதல் நாள் ஈஸ்ட்லியில் மிட்செல் பார்த்த விமானத்தில் புரொப்பல்லர் மரத்தில் செய்தது, இரண்டே இலை. வாலில் சக்கரம் இல்லை, தரையில் உரசும் ஒரு கட்டைதான். துப்பாக்கியே வைக்கவில்லை.