வீடு மறுக்கப்பட்டவர்களின் அமைச்சர்

ஒருவன் நல்ல சம்பளம் வாங்குகிறான். நாணயமானவன். கையில் முன்பணமும் இருக்கிறது. ஆயினும் அவனுக்கு வீட்டுக் கடன் கிடையாது! ஏன்? அவன் தோல் கறுப்பு! சுதந்திர தேவிக்குச் சிலை வைத்த அமெரிக்காவிலே நடந்த அநீதி இது.

நடத்தியவர் யார்? வெறியேறிய கும்பலா? அல்ல, சர்க்கார்! 1934-ல் அமைந்த கூட்டாட்சி வீட்டு நிர்வாகம், பாங்க்குகள் தரும் வீட்டுக் கடனுக்குப் பொறுப்பேற்றது. வாங்கியவன் கட்டாவிட்டால் சர்க்கார் கட்டும். அந்தத் துணிவிலே பாங்க்குகள் 20 ஆண்டுத் தவணையில் அள்ளிக் கொடுத்தன; வெள்ளைத் தொழிலாளி வீட்டுக்காரனானான். கறுப்பர் வாழும் பகுதிகளோ ஆபத்தானவை என ஒதுக்கப்பட்டன; சர்க்கார் தீட்டிய நகரப் படங்களிலே அவற்றின் மீது சிவப்பு மை! கறுப்பருக்கு விற்பதில்லை என்று பத்திரத்திலேயே எழுதிக் கொள்ளும்படி அந்த நிர்வாகத்தின் கையேடு யோசனையும் சொல்லிற்று.

இந்தக் கணக்கேட்டுக் கொடுமையோடு மல்லுக்கு நின்றவர் இராபர்ட் வீவர். 1907-ல் வாஷிங்டனில் பிறந்தவர். தந்தை அஞ்சல் குமாஸ்தா. பள்ளிப் பருவத்திலேயே மின்சார வேலை கற்றார். தொழிற்சங்கத்தில் சேரப் போனார். கறுப்பனுக்கு இடமில்லை என்றார்கள். தொழிலாளியைத் தொழிலாளியே தள்ளி வைத்தான், தோழர்களே! ஹார்வர்டு பல்கலைக் கழகம் சென்றார். 1934-ல் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

ரூஸ்வெல்ட் ஆட்சியில் அதிகாரியானபோது பழைய வடுவை அவர் மறக்கவில்லை. சர்க்கார் பணத்தில் குடியிருப்புகள் எழும்பிய நேரம். கறுப்பரை விலக்காதே என்று உத்தரவு போட்டால், தகுதியானவன் வரவில்லையே என்று காண்ட்ராக்டர் கையை விரிப்பான். வீவர் எண்ணை எடுத்தார், ஆயுதமாக! 1930 குடிக்கணக்குப்படி அந்த ஊரில் கறுப்புத் தொழில் வல்லுநர் எத்தனை பேர்? அதற்கேற்ற பங்கு கூலியில் அவர்களுக்குச் சேர வேண்டும். சேராவிட்டால் பாரபட்சத்துக்கு அதுவே சாட்சி! ஒப்பந்தத்திலேயே இதை ஏற்றினார். என் கணக்கில், பிற்காலத்துப் பதவிகள் அனைத்தையும்விட இதுவே பெரிது.

1961-ல் கென்னடி அவரை நாட்டின் வீட்டு வசதி நிறுவனங்களுக்குத் தலைவராக்கினார். சிவப்பு மை பூசிய நிர்வாகம் இப்போது அவருக்குக் கீழே! அதற்கென ஓர் அமைச்சகம் காணக் கென்னடி முயன்றார். அமைச்சர் வீவர்தான் என்றதும் தென் மாநில உறுப்பினர் பலர் சீறினர். 1962-ல் திட்டம் தோற்றது. அவ்வாண்டு நவம்பரில், சர்க்கார் பொறுப்பேற்கும் வீட்டுக் கடனில் நிறபேதம் கூடாதென ஆணை பிறந்தது. பாதி ஆணை! ஏற்கெனவே கட்டி விற்ற வீடுகளையும், பொறுப்பேற்பு இல்லாத கடன்களையும் அது தொடவில்லை.

குறையற்றவர் என்று கூறேன். நகரச் சீரமைப்பு என்ற பெயரில் கறுப்பர் குடியிருப்புகள் இடிக்கப்பட்டது அவர் நிர்வாகத்திலும் தொடர்ந்தது.

1966 ஜனவரியில் ஜான்சன் அவரை அமைச்சராக்கினார். அமெரிக்க வரலாற்றில் முதல் கறுப்பு அமைச்சர்! 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார், நகரங்கள் எரிந்தன. ஏழாம் நாள், விற்பனையிலும் வாடகையிலும் கடனிலும் நிறபேதத்தைத் தடுக்கும் சட்டம் கையெழுத்தாயிற்று. ஆனால் சமரசம் பேச மட்டுமே அமைச்சகத்துக்கு அதிகாரம், தண்டிக்க இல்லை. அந்தச் சட்டத்துக்குப் பல் முளைத்தது 1988-ல். அப்போது வீவருக்கு வயது 80.