ஊசியும் நூலும் காத்த இசை
காது கேளாத மேதை பீத்தோவனின் கதை

உலகம் கண்ட பெரிய இசை மேதைகளில் ஒருவர் பீத்தோவன். அவர் மறைந்து இரு நூற்றாண்டுகள் ஆகப் போகின்றன. இன்றும் அவருடைய இசை ஒலிக்காத நாடு இல்லை. அந்த இசையில் பெரும் பகுதி, அவருக்குக் காது சரியாகக் கேட்காத காலத்தில் பிறந்தது என்பதைப் பலர் அறிவார்கள். அவர் தம் கையாலேயே தாள்களைத் தைத்து நோட்டுகள் செய்துகொண்டார் என்பதை அறிந்தவர்கள் சிலரே. அந்தத் தையலுக்கும் அவருடைய வாழ்க்கைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

குடும்பப் பாரம்

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் இருக்கிறது பான் நகரம். அங்கே 1770-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்து, லூத்விக் என்று பெயர் வைத்தார்கள். குழந்தையின் பாட்டனார் அரண்மனை இசைக் குழுவின் தலைவர். அவருடைய பெயரும் லூத்விக்தான். தகப்பனார் ஜொஹான் அதே அரண்மனையில் பாடகர். பாட்டனாருக்கு இருந்த மதிப்பு தகப்பனாருக்கு இல்லை. குடிப்பழக்கம் அவரைக் கெடுத்துவிட்டது.

மகனைப் பெரிய வித்துவானாக்கிவிட வேண்டும் என்று தகப்பனார் ஆசைப்பட்டார். அதற்காகச் சிறுவனை மிகவும் கடுமையாக நடத்தினார். சிறுவனுக்கு நீஃபே என்ற நல்ல ஆசிரியர் கிடைத்தது பெரும் பாக்கியம்.

1787-ல் தாயார் காசநோயால் காலமானார். அப்போது பீத்தோவனுக்கு வயது பதினாறு. தம்பிகள் இருவர். தகப்பனாரோ குடியில் மூழ்கிக் கிடந்தார். 1789-ல் பீத்தோவன் அரசாங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். தகப்பனாரின் சம்பளத்தில் பாதியைக் குடும்பச் செலவுக்காகத் தம்மிடமே தர வேண்டும் என்று அதில் கேட்டுக்கொண்டார். அரசாங்கம் சம்மதித்தது. பத்தொன்பது வயது நிரம்பு முன்பே அவர் குடும்பத் தலைவர் ஆகிவிட்டார்.

1792 நவம்பரில் அவர் வியன்னா நகரம் போய்ச் சேர்ந்தார். புகழ் பெற்ற ஹேடனிடம் பாடம் கேட்டார். பியானோ வாசிப்பதில் அவருக்கு நிகரில்லை என்று விரைவில் பெயர் பரவியது. பிரபுக்களின் மாளிகைகள் அவருக்குக் கதவு திறந்தன.

தனித் தாளும் தைத்த நோட்டும்

மேல்நாட்டு இசையை ஐந்து கோடுகள் மேல் புள்ளிகளாக எழுதுவார்கள். வாத்தியம் பல சேர்ந்து வாசிக்கும்போது, ஒவ்வொருவரும் தமக்கு உரியதைப் பார்த்து வாசிக்க வேண்டும். ஆகவே, இசை அமைப்பவருக்குக் காகிதமும் மசியும் இல்லாமல் வேலை நடக்காது.

இளமையில் பீத்தோவன் தமக்குத் தோன்றியதை எல்லாம் தனித் தாள்களில் எழுதி வந்தார். தாள்கள் பெருகின. அவற்றை எறிந்துவிட அவருக்கு மனம் வரவில்லை. வியன்னாவுக்கு வந்தபோது கட்டாக எடுத்துக்கொண்டு வந்தார். ஆனால் தனித் தாளில் எழுதுவதில் ஒரு தொல்லை உண்டு. எது முன், எது பின் என்று தெரியாது. காற்றடித்தால் பறக்கும். வேண்டும்போது கைக்குக் கிடைக்காது.

1798 முதல் அவர் நோட்டுகளில் எழுதத் தொடங்கினார். முதலில் கடையில் கட்டிய நோட்டுகள். பிற்காலத்தில் பல நோட்டுகளைத் தாமே தயாரித்துக்கொண்டார். வேறு வேலைகளில் மீந்துபோன தாள்களும் அதற்கு உதவின. தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்தில் துளையிட்டு, நூல் கோத்துத் தைத்துவிடுவார். அழகு பார்க்கவில்லை. பக்கங்கள் கலையாமல் இருந்தால் போதும்.

1815 முதல் சட்டைப்பையில் அடங்கும் சிறிய நோட்டுகளும் அவருக்கு வழக்கமாயின. தாள்களை மடித்து, மடிப்பில் தைத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார். அவருக்கு நடப்பதில் மிகுந்த விருப்பம். வயல், தோப்பு, காடு என்று நெடுந்தூரம் நடப்பார். வழியில் ஏதாவது தோன்றினால் உடனே நின்று பென்சிலால் குறித்துக்கொள்வார். வீட்டில் மேஜைமேல் பெரிய நோட்டு இருக்கும். அதில் மசியால் எழுதுவார்.

இருண்ட நாட்கள்

நோட்டுகள் தொடங்கிய அதே காலத்தில்தான் அவருடைய காதில் கோளாறும் தொடங்கியது. எப்போதும் ஓர் இரைச்சல் கேட்டது. மெல்லிய ஒலிகள் மறைந்தன. வைத்தியர்கள் எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள். குளிக்கச் சொன்னார்கள். பயன் இல்லை. இசை வித்துவானுக்குக் காது கேட்கவில்லை என்று எப்படி வெளியே சொல்வது? வெட்கத்தினால் மனிதர்களை விட்டு ஒதுங்கினார். மற்றவர்கள் அவரைச் செருக்குள்ளவர் என்று எண்ணினார்கள்.

1802-ல் வியன்னாவுக்கு அருகில் ஹைலிகன்ஸ்டாட் என்ற கிராமத்தில் தங்கியிருந்தபோது, தம் தம்பியருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். உயிரை விட்டுவிட எண்ணியதையும், இசைதான் தம்மைத் தடுத்து நிறுத்தியது என்பதையும் அதில் எழுதினார். அந்தக் கடிதத்தை அவர் அனுப்பவே இல்லை. அவர் இறந்த பிறகு காகிதங்களோடு அது கிடைத்தது.

கிராமத்திலிருந்து திரும்பியவர் மீண்டும் நோட்டைத் திறந்தார். 1803-ல் அவர் அமைத்த மூன்றாவது சிம்பொனியை நெப்போலியன் பெயரால் வெளியிட எண்ணியிருந்தார். 1804-ல் நெப்போலியன் தன்னையே சக்கரவர்த்தி ஆக்கிக்கொண்டான் என்ற செய்தி வந்தது. பீத்தோவனுக்குக் கோபம் பொங்கியது. தலைப்புப் பக்கத்தில் இருந்த அந்தப் பெயரைச் சுரண்டினார். காகிதமே ஓட்டையாகிவிட்டது. அந்தப் பிரதி இன்றும் வியன்னாவில் இருக்கிறது.

ஐந்தாவது சிம்பொனிக்கான முதல் குறிப்புகளும் அந்த 1804-ம் ஆண்டு நோட்டிலேயே இருக்கின்றன. ஆனால் அது மேடை ஏறியது 1808 டிசம்பர் 22-ந் தேதி. இடையில் நான்கு ஆண்டுகள். எழுதுவார், அடிப்பார், மறுபடியும் எழுதுவார். ஒரே அடியைப் பலவிதமாக மாற்றிப் பார்ப்பார். மேதைக்கு இசை தானாக வந்து கொட்டும் என்று நினைப்பவர்கள் அந்த நோட்டுகளைப் பார்க்க வேண்டும்.

எழுதிக் கேட்டார்கள்

காது மேலும் மேலும் மோசமாயிற்று. மேல்ஸெல் என்ற கைதேர்ந்த நிபுணர் அவருக்குக் காதில் வைத்துக்கொள்ளும் ஊதுகுழல்கள் செய்து கொடுத்தார். அவையும் நெடுநாள் உதவவில்லை. 1818 முதல், பார்க்க வருகிறவர்கள் தாங்கள் சொல்ல நினைத்ததை ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவார்கள். அவர் படித்துவிட்டு வாயால் பதில் சொல்வார். அப்படிப்பட்ட பேச்சு நோட்டுகளில் சுமார் 140 இன்றும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் கேள்விதான் உண்டு. பதில் காற்றோடு போய்விட்டது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. 1815-ல் தம்பி ஒருவர் இறந்தார். அவருடைய மகனை யார் வளர்ப்பது என்று பையனின் தாயாரோடு ஐந்து ஆண்டுகள் வழக்காடினார். அடிக்கடி வீடு மாறினார். எத்தனை வீடு மாறினாலும் பழைய நோட்டுகளைக் கைவிடவில்லை. அவற்றில் பலவற்றைச் சாகும் வரையில் தம்மோடு வைத்திருந்தார்.

ஒன்பதாவது சிம்பொனி 1824 மே 7-ந் தேதி வியன்னாவில் அரங்கேறியது. அதன் முடிவில், கவிஞர் ஷில்லரின் பாடலைப் பலர் கூடிப் பாடுவார்கள். அந்தப் பாடலுக்கு இசை அமைக்க வேண்டும் என்று பீத்தோவன் எண்ணியது இருபத்திரண்டாவது வயதில். நிறைவேறியது ஐம்பத்து மூன்றாவது வயதில். அன்று மேடையில் அவரும் நின்றார். ஆனால் வித்துவான்களை உண்மையில் நடத்தியவர் உம்லாஃப் என்பவர். சபையில் கரகோஷம் எழுந்தது. அது பீத்தோவனுக்குக் கேட்கவில்லை. கரோலின் உங்கர் என்ற இளம் பாடகி அவரை மெல்லச் சபையின் பக்கம் திருப்பினார். கைகளும் கைக்குட்டைகளும் அசைவதைக் கண்ட பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

1827 மார்ச் 26-ந் தேதி பீத்தோவன் காலமானார். இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டார்கள்.

சிதறியதும் சேர்ந்ததும்

அதே ஆண்டு நவம்பரில் அவருடைய உடைமைகள் ஏலத்துக்கு வந்தன. நோட்டுகள் மிகக் குறைந்த விலைக்குப் போயின. வாங்கியவர்கள் சிலர் நூலைப் பிரித்தார்கள். பக்கங்களைக் கத்தரித்து நண்பர்களுக்கு ஞாபகப் பொருளாகக் கொடுத்தார்கள். நாடு நாடாகப் பக்கங்கள் சிதறின. அவர் கோத்து வைத்தது மறுபடியும் தனித் தாள்களாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நோட்டபோம் என்ற அறிஞர் இந்த நோட்டுகளைப் படித்து உலகுக்கு அறிவித்தார். இருபதாம் நூற்றாண்டில் டைசன், ஜான்சன், விண்டர் என்னும் மூன்று அறிஞர்கள் புதிய வழியில் இறங்கினார்கள். இசையை மட்டும் பார்த்தால் போதாது, காகிதத்தையும் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

பழைய காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால், செய்தவரின் சின்னம் மங்கலாகத் தெரியும். ஒரு பெரிய தாளை நான்கு ஏடாக வெட்டினால், சின்னமும் நான்காகும். கிழிந்த படத்தைப் பொருத்துவதுபோல அந்தத் துண்டுகளை அவர்கள் பொருத்தினார்கள். மசி உலருமுன் நோட்டை மூடினால் எதிர்ப் பக்கத்தில் கறை படியும். அந்தக் கறை, எந்தப் பக்கத்துக்கு எதிரே எந்தப் பக்கம் இருந்தது என்று காட்டியது. ஊசித் துளைகளும் சாட்சி சொல்லின. கையால் போட்ட துளைகளின் இடைவெளி நோட்டுக்கு நோட்டு வேறுபடும். ஒரு நகரத்தில் இருக்கும் ஏட்டின் துளைகளும் வேறொரு நகரத்தில் இருக்கும் ஏட்டின் துளைகளும் ஒத்திருந்தால், அவை ஒரே தையலில் இருந்தவை என்று சொல்ல இடம் உண்டு. 1985-ல் மூவரும் தங்கள் முடிவுகளைப் பெரிய நூலாக வெளியிட்டார்கள்.

மூன்றாவது சிம்பொனி வளர்ந்த நோட்டும் ஒரு சோதனையைத் தாண்டி வந்தது. பெர்லினில் இருந்த அதை இரண்டாவது உலகப் போரின்போது வேறிடத்துக்கு அகற்றினார்கள். போருக்குப் பின் பல ஆண்டுகள் அது தொலைந்தது என்றே எண்ணியிருந்தார்கள். பிறகு போலந்து நாட்டின் கிராக்கோ நகர நூலகத்தில் அது இருப்பது தெரிய வந்தது.

நூல் அறுந்துபோயிற்று. தைத்த கை மண்ணாகிவிட்டது. ஆனால் அந்தக் கை குத்திய துளைகள் மிஞ்சின. காதில் விழாத இசையைத் தாளில் தேடிய மனிதர் எந்தப் பக்கத்துக்குப் பின் எந்தப் பக்கத்தை எழுதினார் என்று அறிய, அந்தச் சிறு துளைகளும் வழிகாட்டுகின்றன.