பிடில் கற்ற பாலுசாமி தீட்சிதர்

குற்றாலத்தில் கச்சேரி என்றாலும் சரி, சென்னையில் என்றாலும் சரி, பாடகர் பக்கத்தில் பிடில்காரர் இருப்பார்.

பிடில் வெள்ளைக்காரர் வாத்தியம். அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர் என்று பெயர் பெற்றவர், பாலுசாமி தீட்சிதர்.

இவர் 1786-ம் ஆண்டு பிறந்தார். புகழ் பெற்ற முத்துசாமி தீட்சிதர் இவருடைய அண்ணன்.

கோட்டையில் கேட்ட இசை

சென்னையை அடுத்த மணலியில் முதலியார் குடும்பத்தார் இவர்களை ஆதரித்து வந்தார்கள். சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர் வாசித்த இசையைச் சகோதரர்கள் கேட்டார்கள்.

பாலுசாமிக்குப் பிடில் மீது ஆசை பிறந்தது. அவர் வீணை அறிந்தவர். ஆனாலும் கூச்சப்படவில்லை. ஐரோப்பியர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்தார். 3 ஆண்டுகள் பாடம் நடந்தது.

மெட்டு இல்லாத வாத்தியம்

வீணையில் விரல் வைக்க மெட்டுகள் உண்டு. பிடிலில் இல்லை. விரல் சற்றே விலகினாலும் அபசுரம்தான்!

ஆனால், அதிலே ஒரு நன்மையும் இருந்தது. விரலை வழுக்கினால் குரலைப் போலவே கமகம் பேசியது.

வெள்ளைக்காரர் நின்று வாசிப்பார்கள். நம்மவர்களோ சம்மணமிட்டு அமர்ந்து, பிடிலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிக்கலானார்கள். தந்திகளையும் ச-ப-ச-ப என்று சுருதி கூட்டினார்கள்.

அரண்மனை வித்துவான்

பாலுசாமி எட்டயபுரம் அரண்மனை வித்துவான் ஆனார். மகள் வயிற்றுப் பேரன் சுப்பராமனைத் தத்து எடுத்து வளர்த்தார். அந்தச் சுப்பராம தீட்சிதர்தான் 1904-ல் "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி" என்ற பெரிய இசை நூலை வெளியிட்டவர்.

பாலுசாமி 1859-ல் காலமானார். அவர் ஆசையோடு கற்ற அந்நிய வாத்தியம், இன்று நம் வீட்டு வாத்தியம்!