தமிழில் உடலியல் பயிற்றிய மருத்துவர் கிறீன்

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி முதலிய ஊர்களில் தமிழ்வழி கற்று மதுரைக் கல்லூரிகளுக்கு வரும் மாணவர் பலர், பட்ட வகுப்பில் உடலியங்கியலை ஆங்கிலத்தில் எதிர்கொண்டு திகைப்பதை நாம் அறிவோம். குருதியோட்டமும் செரிமானமும் அவர்கட்குப் புதியன அல்ல. அவற்றைச் சொல்லும் மொழியே புதிது. உயர்நிலை உடலியலைத் தமிழில் பயிற்ற இயலுமா என்னும் வினாவிற்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செயலால் விடை தந்த பெருமகனார் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார்.

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்த கிறீன், நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அம்மிஷன் நம் மதுரைக்கும் அயலானதன்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோரே 1834இல் மதுரையில் அதன் கிளையைத் தோற்றுவித்தனர்.

மானிப்பாயில் நோயாளரைக் கவனித்தவாறே கிறீன் 1848இல் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். பயிற்றுமொழி முதலில் ஆங்கிலமாகவே இருந்தது. ஆங்கிலத்தில் கற்றோர் ஊதியம் நாடி வெளியூர் செல்ல, சிற்றூர் மக்கள் மருத்துவரின்றி நிற்பதை அவர் கண்டார். தாய்மொழியில் கற்றவரே தம் மக்களிடையே தங்கிப் பணிபுரிவர் எனத் துணிந்தார். தாமே தமிழ் கற்றார். 1857இல் உடலமைப்பு, உடலியக்கம், உடல்நலம் ஆகிய மூன்றையும் விளக்கும் நூலைத் தமிழில் வெளியிட்டார். விடுப்பில் தாயகம் சென்று 1862இல் மீண்டபின், தமிழ்வழி வகுப்பை நடத்தினார். அவரிடம் பயின்ற அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவருள் ஏறத்தாழப் பாதியினர் தமிழில் கற்றவரே.

கலைச்சொல்லாக்கத்தில் அவர் கொண்ட நெறி தெளிவானது. முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடினார். கிட்டாவிடில் வடசொல்லை நாடினார். அதுவும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப அமைத்தார். உடலமைப்பியல் அங்காதிபாதம் ஆயிற்று. உடலியங்கியல் சுகரணம் ஆயிற்று. வேதியியல் கெமிஸ்தம் ஆயிற்று. 1873இல் அமெரிக்கா திரும்பிய பின்னரும், மாணவர் மொழிபெயர்த்த படிகளைத் திருத்தும் பணியை அவர் விடவில்லை. டால்டனின் உடலியங்கியல் நூல் 1883இல் மனுஷ சுகரணம் என்னும் பெயரில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே, 1884இல், அவர் வூஸ்டரில் மறைந்தார்.

அவர் ஊன்றிய பயிர் ஏன் தழைக்கவில்லை? நூல் இல்லாமையால் அன்று; தமிழுக்கு ஆற்றல் இல்லாமையாலும் அன்று. அரசுப் பணியும் மதிப்பும் ஆங்கிலத்தின் பக்கம் நின்றன. 1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவப் பள்ளி இளைஞரை ஈர்த்தது. மானிப்பாயின் தமிழ்வழி வகுப்பு நின்றபோது, அங்குப் பிறந்த சொற்களும் வழக்கிழந்தன. இன்று சுகரணம் என்றால் பொருள் உணர்வார் அரியர்.

மாணவ நண்பர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கலைச்சொல் அகராதியில் பிறப்பதனால் மட்டும் வாழ்வதில்லை; வகுப்பறையில் நாள்தோறும் வழங்கினாலே வாழும். தமிழ்த்துறையும் விலங்கியல் துறையும் ஓரிடத்து அமர்ந்து, முதலாண்டு உடலியங்கியலுக்குரிய சொற்களைத் தமிழும் ஆங்கிலமுமாகத் தொகுத்து மாணவர் கையில் அளித்தல் நம்மால் இயலாததன்று. கடல் கடந்து வந்த ஒருவர் நம் மொழியைக் கற்றுச் செய்ததை, அம்மொழியிற் பிறந்த நாம் செய்யத் தயங்குதல் தகுமோ?